மாற்றாள் வரும்வரை

எனக்கும் என் மனைவி கிளெண்டாவுக்கும் பிறந்த நாள் ஒன்றுதான், பிப்ரவரி இருபது. வருடம்தான் வேறு. நான் நாற்பத்தொன்பதில் பிறந்தவன், அவள் ஐம்பத்துநான்கில். எங்கள் இங்கிலாந்தில் அப்போது அரசு ஓய்வூதியம் ஆணுக்கு அறுபத்தைந்து வயதில், பெண்ணுக்கு அறுபதில். ஆகவே கல்யாணமான புதிதிலேயே நாள் குறித்துவிட்டோம். இரண்டாயிரத்துப் பதினான்கு, பிப்ரவரி இருபது. அன்றைக்கு இருவரும் ஒன்றாக வேலையை விடுகிறோம். மறுநாள் மேபிள்தார்ப் கடற்கரைக்குப் போகிறோம், கிளெண்டாவின் அலாரம் கடிகாரத்தைக் கடலில் எறிகிறோம். எங்கள் ஊர் ஸ்கன்தார்ப் முழுக்கத் தேடினாலும் இப்படிப் பொருத்தமான ஜோடி கிடைக்காது என்று நான் தொழிலாளர் கிளப்பில் பீற்றிக்கொள்வேன்.

நான் இரும்பாலையில் கிரேன் ஓட்டியவன். கூரைக்குக் கீழே தொங்கும் கூண்டில் உட்கார்ந்து, முந்நூறு டன் உருகிய எஃகு நிரம்பிய கொப்பரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோவது என் வேலை. அதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாற்றாள் ஏணி ஏறி வந்து உன் இருக்கையைத் தொடும்வரை நீ இறங்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்து மணி அடித்திருக்கலாம், வயிறு கலங்கலாம், வீடே பற்றி எரியலாம். இறங்கக் கூடாது. என் இரண்டாவது மகள் பிறந்த அன்று மாற்றாள் பனியில் மாட்டிக்கொண்டான். பதினோரு மணி நேரம் மேலேயே இருந்தேன். கிளெண்டா அதற்காக என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவளுக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் உலைக்கூடத்தில் வேலை பார்த்த சிரில் செத்துப்போனான். வயது அறுபத்துநான்கும் எட்டு மாதமும். ஓய்வூதியத்துக்கு நான்கு மாதம் பாக்கி. கிளப்பில் கூட்டம் போட்டோம். இரண்டு கிளாஸ் பீர் உள்ளே போயிருந்த தைரியத்தில் நான் எழுந்து கத்தினேன். "பொம்பளைங்களுக்கு அறுபது, நமக்கு மட்டும் அறுபத்தஞ்சா? அவங்க நம்மளவிட அதிக நாள் வேற இருக்காங்க! எல்லாருக்கும் சமமாக்கு!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. சமம் என்றால் எங்களையும் அறுபதுக்கு இறக்குவார்கள் என்று நினைத்தோம். நாங்கள் இறங்குவதற்கு ஏணி கேட்டோம். அரசாங்கம் பெண்களையும் மேலே ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டது.

அது எங்களுக்குத் தெரிய வந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஒரு கடிதம் வந்தபோது. காலைச் சாப்பாட்டு மேஜையில் கிளெண்டா அதைப் பிரித்துப் படித்து, மறுபடியும் படித்து, என்னிடம் நீட்டினாள். அவளுக்கு ஓய்வூதியம் தொடங்கும் நாள் 2019, ஜூலை ஆறு என்று இருந்தது.

நான் சிரித்தேன். "அச்சுப் பிழை. பிப்ரவரி எங்க, ஜூலை எங்க? உன் பிறந்த நாளைக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல இவனுங்களுக்கு."

கடிதத்தை வாங்கி, அடுப்பு மாடத்தின் மேலிருந்த கடிகாரத்துக்குப் பின்னால் செருகினேன். எங்கள் வீடுகளில் பதில் தெரியாத காகிதங்கள் போய்ச் சேரும் இடம் அதுதான். கிளெண்டா அதை அங்கேயே விடவில்லை. மறுநாள் தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து கேட்டாள்.

"பிழை இல்லையாம். சட்டம் போட்டுப் பதினேழு வருஷம் ஆச்சாம். போன வருஷம் இன்னும் கொஞ்சம் தள்ளினாங்களாம். பேப்பர்லகூட வந்துச்சாம்."

"நாம பேப்பர்ல பின்பக்கம்தானே படிப்போம்." பின்பக்கம் என்றால் கால்பந்து.

"ஆணுக்கும் பொண்ணுக்கும் சமமாக்குறதுக்காம், நெவில்." அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "சிரில் செத்தப்போ கிளப்பில நீ எழுந்து பேசினியே, ஞாபகம் இருக்கா? நான் பின்னாடி உங்களுக்கெல்லாம் சாண்ட்விச் வெட்டிக்கிட்டு இருந்தேன்."

நான் தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

"சமம் நல்லதுதான். நான் வேணாம்னு சொல்லல. பதினேழு வயசுல உங்க ஆலை கேன்டீன்ல சேர்ந்தேன், பக்கத்துல நின்னு அதே உருளைக்கிழங்கை உரிச்ச பையனுக்கு என்னைவிடச் சம்பளம் ஜாஸ்தி. அன்னைக்கு ஆரம்பிச்சிருக்கலாம். பிள்ளைங்களைப் பார்த்தேன், உங்கம்மாவை ஒன்பது வருஷம் படுக்கையில பார்த்தேன். அதுலயும் ஆரம்பிச்சிருக்கலாம். ஆனா கடைசியில வயசுலதான் ஆரம்பிச்சிருக்காங்க."

கடிதத்தை நான் மறுபடி கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தேன்.

குறித்த நாள் வந்தது. நான் கூண்டிலிருந்து கடைசியாக இறங்கினேன். மாற்றாளாக வந்த இளைஞன் கை குலுக்கினான். கேக் வெட்டினார்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. கிளெண்டா இருட்டில் எழுந்து, சீருடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் புரண்டு படுத்தேன்.

கேன்டீன் மூடியபிறகு அவள் பார்த்தது வீட்டுப் பராமரிப்பு வேலை. முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். நான் அதைக் 'கிழடுகளோட டீ குடிக்கிற வேலை' என்று சொல்வேன். அவள் இருபது வருடமாக அந்த வேலையில் இருந்தாள். நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரியில் அவளுடைய இடது தோள் மக்கர் செய்தது. கியர் மாற்ற முடியவில்லை. காரை நான் ஓட்டினேன். அவள் ஒவ்வொரு வீடாக உள்ளே போய் வருவாள், நான் தெருவில் காரை நிறுத்திப் பேப்பரின் பின்பக்கம் படிப்பேன். நாலாவது நாள், ஒரு வீட்டுக்குள் போனவள் உடனே வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"உள்ள வா."

"நானா? எதுக்கு?"

"இது ரெண்டு ஆள் வீடு. கூட வேலை பாக்குற பெயாட்டா வரணும். அவளை அதே நேரத்துக்கு ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டுக்கு அனுப்பியிருக்கான் ஆபீஸ் புண்ணியவான். மனுஷன் விடியற்காலையிலேர்ந்து ஈரத்துல கிடக்கார். என்னால தனியா தூக்க முடியாது. நீ எதையும் தொட வேணாம், நான் சொல்ற இடத்துல நில்லு போதும்."

உள்ளே போனேன். முன்னறையில் போட்டிருந்த கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. மிஸ்டர் லெகாட். கொப்பரை மேஸ்திரி. உலைச் சத்தத்தில் குரல் எடுபடாது. அவர் கீழே நின்று கையால் சைகை காட்டுவார், நான் மேலேயிருந்து அதன்படி ஓட்டுவேன். இருபது வருடம் என் கண் அவர் கையில்தான் இருந்தது. அவரைக் கண்டால் நடுங்காத ஆள் எங்கள் கூடத்தில் கிடையாது. இப்போது தொண்ணூற்றொரு வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வசவு.

என்னைப் பார்த்தார். "நாசமாப் போ," என்றார்.

"குட்மார்னிங் சொல்றார்," என்றாள் கிளெண்டா. "நீங்களும் நாசமாப் போங்க, என் வாத்தே. இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாருங்க."

எங்கள் பக்கத்தில் பிரியமானவர் எல்லோரும் வாத்துதான். ஆனால் மிஸ்டர் லெகாட்டை ஒருத்தி வாத்து என்று கூப்பிடுவதைக் கேட்க நான் உயிரோடு இருப்பேன் என்று நினைக்கவில்லை.

அவள் மூலையிலிருந்து எதையோ உருட்டிக்கொண்டு வந்தாள். சக்கரம் வைத்த தூண், நீண்ட கை, முனையில் கொக்கி. என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "ஏய், இது கிரேன்!"

"ஆமா. உன்னதைவிடச் சின்னது. சரக்குதான் பெருசு."

அப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை அவள். பதினைந்து நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள், ஆனால் அந்த அறைக்குள் நேரம் அவள் சொன்னபடி கேட்டது. ஹீட்டர் மேல் துண்டைச் சூடாகப் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் அவரிடம் சொன்னாள். "இப்ப உங்களை என் பக்கம் திருப்பப் போறேன். சரியா?" அவர் கண் சம்மதிக்கும்வரை காத்திருந்தாள். துடைத்தபோது சூடான துண்டால் மூடிக்கொண்டே துடைத்தாள். உடம்பின் எந்த மூலையும் ஒரு நொடிக்குமேல் திறந்து கிடக்கவில்லை. அவள் கை எங்கேயோ வேலை செய்தது, கண் மட்டும் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அவருடைய தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். என்னை நடுங்க வைத்த அந்த மனிதர், என் முன்னால் அம்மணமாகக் கிடந்தும், கொஞ்சம்கூடக் கூனிக் குறுகவில்லை. அது எப்படி என்று யோசித்தேன். அவரைக் குறுக அவள் விடவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு அடியில் துணித் தூளியை விரித்து நான்கு வார்களையும் கொக்கியில் மாட்டினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். நான் கொப்பரையைத் தூக்கும் முன் செய்ததும் அதேதான். ஆனால் நாற்பது வருடத்தில் ஒரு சுமையும் என்னைப் பயந்த கண்ணால் பார்த்ததில்லை.

தூளி மேலே எழும்பியது. அவர் முகம் வெளிறியது. வலது கை மேலே வந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, மெல்ல அசைந்தது. நான் யோசிக்கவே இல்லை. என் இடது கை அங்கே இல்லாத நெம்புகோலைத் தேடியது.

"மெதுவாங்கிறார்!" என்று கத்தினேன். "கிளெண்டா, அது எங்க சைகை! மெதுவா இறக்குன்னு அர்த்தம்!"

அவள் கட்டைவிரல் பொத்தானில் ஏற்கெனவே மெதுவாகத்தான் இருந்தது. "தெரியும்," என்றாள் திரும்பாமலே. "முஷ்டி புடிச்சா நிறுத்து. விரலைச் சுத்தினா மேல. மூணு மாசமா அவர்தான் என்னை ஓட்டுறார்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? மனுஷன் கைய ஆட்டுறார். சும்மா ஆட்டுவாரா? கவனிச்சேன்."

அந்தச் சைகைகளைக் கற்க எனக்கு ஆறு மாதப் பயிற்சியும் ஒரு பரீட்சையும் வைத்தார்கள். பரீட்சையில் நான் ஒருமுறை தோற்கவும் செய்தேன்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலை சீவி, போர்வையைச் செருகியபின் மிஸ்டர் லெகாட் வலது கையை மார்புக்கு நேரே கொண்டுவந்து, பாதி மூடிய விரல்களோடு அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கிளெண்டா அதில் ஒரு கைக்குட்டையை வைத்தாள். அவர் அதை வீசியெறிந்தார். "நாசமாப் போ."

"இது ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்றாள் அவள். "தினமும் கிளம்புற நேரத்துல பண்றார். தண்ணி குடுத்தா தட்டி விடறார். நெஞ்சு வலியான்னு டாக்டரை வரவழைச்சேன், அதுவும் இல்ல. உங்க ஆலையில இப்படி ஏதாவது உண்டா?"

நான் மேதாவி மாதிரி உற்றுப் பார்த்தேன். "இல்லவே இல்ல. எங்ககிட்ட அப்படி ஒரு சைகை கிடையாது."

காருக்கு வந்தும் எனக்குப் பேப்பர் படிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. சின்ன வயதில் முதல்முதலாக உலையைத் திறந்து பார்த்தபோது வாயடைத்து நின்றேனே, அதே வியப்பு. என் மகள்களைக் கைபிடித்து அழைத்துப்போய் உலையைக் காட்டியிருக்கிறேன். கிளெண்டாவுக்கும் காட்டியிருக்கிறேன். 'உங்கப்பா பண்ற வேலையைப் பாருங்க' என்று அவளே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். நாற்பத்திரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தவளின் வேலையை எனக்கு யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

"கிளெண்டா, அந்த மனுவுல முதல் கையெழுத்து என்னோடது," என்றேன்.

"தெரியும்பா. உன் ஒரு கையெழுத்துல சட்டம் மாறுச்சுன்னா நீ எப்பவோ பிரதமர் ஆயிருப்ப. வண்டிய எடு, அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

தோளைப் பார்த்த டாக்டர், உள்ளே நார் கிழிந்திருக்கிறது, இனி கனம் தூக்கவே கூடாது என்றார். ஓய்வூதியத்துக்கு மூன்றரை வருடம் பாக்கி. நடுவில் விட்டால் என் ஒருவனுடையதை வைத்து வீடு ஓடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தொடர்ந்தால் அந்தக் கை முழுசாகப் போய்விடும் என்பதும் தெரியும். தலைக்குமேல் கையைத் தூக்க முடியாமல் அவள் கண்ணாடி முன் சீப்போடு நின்றாள். நான் வாங்கி வாரிவிட்டேன். கோணல் மாணலாகத்தான் வந்தது.

"இன்னும் மூணு வருஷம், அஞ்சு மாசம்," என்றாள் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "இழுத்துப் புடிச்சுக்குவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் மேலே கூண்டில் இருக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாற்றாள் வரவில்லை. நான் கீழே காரில் உட்கார்ந்து கால்பந்து படிக்கிறேன்.

அன்று மதியமே பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனேன். மேஜையில் இருந்த பெண் கனிவாக எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். "கவனிப்பு யாருக்கு வேணும், உங்களுக்கா?"

"வேலை வேணும்மா. என் பெண்டாட்டியோட ரெண்டாவது ஆளா."

அறுபத்தேழு வயதுக்காரனை அவள் மேலும் கீழும் பார்த்தாள். ஆனால் ஆள் பஞ்சம். விண்ணப்பத்தை நீட்டினாள்.

கிளப்பில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "என்ன நெவில், கவுன் தைக்கக் குடுத்தாச்சா?" என்றான் ஒருவன். "கிழவிங்களைக் குளிப்பாட்டப் போறியாமே!"

"சிரி, சிரி," என்றேன். "நாளைக்கு நீ விழுந்தா நான்தான் வரணும். என் கை எப்பவும் ஜில்லுனு இருக்கும், ஞாபகம் வச்சுக்க."

பயிற்சியில் ஒரு விதி இருந்தது. யாரையும் தூக்கும் முன் நீ ஒருமுறை தூளியில் தொங்க வேண்டும். பயிற்சி கொடுத்த பெண், மூத்த ஊழியர் என்று கிளெண்டாவையே பொத்தானைப் பிடிக்கச் சொன்னாள். வார்களை மாட்டினாள் கிளெண்டா. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். என் கால் தரையை விட்டது.

மூன்றடி உயரம்தான். எழுபதடி உயரத்தில் நாற்பது வருடம் உட்கார்ந்தவன் நான். ஆனாலும் கை எதையாவது பற்றிக்கொள்ளத் துழாவியது. முதல்முறையாகச் சுமை நானாக இருந்தேன். அப்போது அவள் முகம் எனக்கு நேரே வந்தது.

"என்னைப் பாரு," என்றாள். "கீழ பாக்காத. நான் இருக்கேன்."

பயம் போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே போய்விட்டது. இருபது வருடமாக மற்றவர்களும், இப்போது மிஸ்டர் லெகாட்டும் தினமும் காலையில் பார்த்தது இந்த முகத்தைத்தான் என்று புரிந்தது. இவளோடா நான் ஒப்பிட்டுப் பேசினேன், அறுபது பெரிதா அறுபத்தைந்து பெரிதா என்று? கண்ணில் தண்ணீர் வந்தது. தூளி இடுக்கில் நசுங்குகிறது என்று பொய் சொன்னேன்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் போனோம், ஒரே நேரத்துக்கு எழுந்தோம். தூக்குவது நான், மற்றதெல்லாம் அவள். மேஸ்திரியும் அவள்தான். "சொல்லாம தொடாத, நெவில், அது கொப்பரை இல்ல." "அந்தம்மாவுக்கு முதல்ல இடது கைதான் சட்டையில நுழைக்கணும், எத்தனை தடவை சொல்றது?" நான் மூன்று மாதத்தில் கொஞ்சம் தேறினேன். ஒரு வருடத்தில் என்னை ஒரு கிழவி வாத்து என்று கூப்பிட்டாள். அன்று எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. கிளெண்டாவின் தோள் மோசமாகவில்லை. குணமாகவும் இல்லை. கை மார்பு உயரத்துக்கு வரும், அதற்குமேல் வராது.

மிஸ்டர் லெகாட்டும் விடாப்பிடியாக இருந்தார். தினமும் சைகை காட்டினார், தினமும் கிளம்பும் நேரத்தில் கையை மார்புக்கு நேரே வைத்தார், தினமும் கைக்குட்டையை வீசினார். கிழவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஜூலை ஆறு. சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து கிளெண்டா ஓய்வூதியக்காரி. இருந்தாலும் அந்தக் காலை ஷிஃப்டை முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அலாரம் கடிகாரம் காரின் முன்பெட்டியில் இருந்தது. கடைசி வீடு மிஸ்டர் லெகாட்டுடையது. பதினோரு மணிக்கு பெயாட்டாவும் இன்னொரு பெண்ணும் வந்து பொறுப்பேற்பதாக ஏற்பாடு. அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஜன்னலோர நாற்காலியில் வைத்தோம். பதினொன்று ஆனது. பதினொன்றே கால். பதினொன்றரை.

"நீ போய்க் கார்ல உக்காரு," என்றேன். "நான் இருந்து ஒப்படைச்சுட்டு வரேன். நீ இனிமே ஒரு நிமிஷம்கூட வேலை பாக்கத் தேவையில்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி குட்டையாகிவிட்டேன். "மாற்றாள் வராம இறங்கக் கூடாதுன்னு எனக்கு யாருப்பா சொன்னது? இதே சட்டத்தைச் சாக்கா வச்சு, நான் பிள்ளை பெத்துக்கிட்டு இருந்தப்போ பதினோரு மணி நேரம் மேல இருந்தியே?"

உட்கார்ந்தோம். அவள் அவருடைய தக்காளிச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெயாட்டா மூச்சிரைக்க வந்தாள், பின்னாலேயே புதுப் பெண். கிளெண்டா அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினாள். எந்தத் துண்டு, எந்த வார், முஷ்டி பிடித்தால் என்ன, விரல் சுற்றினால் என்ன. பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் கிளம்பறேன், மிஸ்டர் லெகாட். இன்னையோட முடிஞ்சுது."

அவர் வலது கையை மார்புக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். விரல்கள் பாதி மூடியிருந்தன. பெயாட்டா கைக்குட்டையை எடுக்கப் போனாள்.

"இரு," என்றேன் நான்.

மாற்றாள் வந்தாயிற்று. ஷிஃப்ட் முடிந்துவிட்டது. இருபது வருடம் இந்த நேரத்தில்தானே நான் கூண்டிலிருந்து கீழே பார்ப்பேன்? அவர் கீழே நின்று என்ன செய்வார்? இரண்டு கையையும் மார்புக்கு நேரே கொண்டுவந்து ஒன்றோடொன்று கோத்துப் பிடிப்பார். வேலை முடிந்தது, இறங்கலாம் என்று அர்த்தம். நான் மேலேயிருந்து ஒருமுறை மணி அடிப்பேன், கண்டேன் என்று.

எங்களிடம் அப்படி ஒரு சைகை கிடையாது என்று சொன்ன மேதாவி நான். அவருக்கு ஒரு கைதான் இருந்தது. அதனால் தினமும் பாதிச் சைகையைக் காட்டிவிட்டு மறுபாதிக்காகக் காத்திருந்தார்.

"கிளெண்டா," என்றேன். "அது வேலை முடிஞ்சுதுங்கிற சைகை. உன் வேலை முடிஞ்சுது, நீ இறங்கலாம்னு சொல்றார். தினமும் உன்கிட்ட அதைத்தான் சொல்லியிருக்கார். அதுக்கு ரெண்டு கை வேணும்."

அவள் அவர் நாற்காலி அருகே முழங்காலிட்டாள். இடது கையைத் தூக்கினாள். மார்பு உயரம்தான் வேண்டும், அதற்குமேல் தேவையில்லை. அவர் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்தாள். அந்தக் கிழட்டுக் கை இறுக மூடிக்கொண்டது. மிஸ்டர் லெகாட் என்னை நிமிர்ந்து பார்த்தார், அந்தக் காலத்தில் கூண்டைப் பார்ப்பது மாதிரி. பிறகு அவளைப் பார்த்தார்.

"நாசமாப் போ," என்றார் மெதுவாக.

"நீங்களும், என் வாத்தே," என்றாள் கிளெண்டா. அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

வெளியே வந்தோம். அவள் காரில் ஏறி, பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலில் மிஸ்டர் லெகாட்டின் கை இன்னும் மார்புக்கு நேரேதான் இருந்தது. நான் சாவியைத் திருப்பும் முன் ஹார்னை ஒருமுறை அழுத்தினேன்.